சாப்பெக்கின் ‘சாலமாண்டர்களுடன் போர்’: அந்தப் பிராணி யாருக்குப் பதிலாக நிற்கிறது?

நெய்தல் வாசகர் கேட்டது:

செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் எழுதி 1936இல் நூலாக வெளிவந்த ‘சாலமாண்டர்களுடன் போர்’ நாவலைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வாசித்து முடித்திருக்கிறேன். ஹிட்லரின் எழுச்சியைக் கண்டு அஞ்சிய ஒரு சிறிய நாட்டின் எழுத்தாளர் விடுத்த எச்சரிக்கை இது என்பதே முதல் வாசிப்பில் என் மனத்தில் நின்ற எண்ணம். எழுதப்பட்ட காலமும் அதற்கு இடம் கொடுத்தது. நாவல் வெளியாகி இரண்டே ஆண்டுகளில், 1938 செப்டம்பரில், மியூனிக்கில் கூடிய நான்கு அரசுகள் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குத் தாரைவார்த்தன. நிலத்தை இழந்த நாட்டுக்கு அந்தப் பேச்சில் இடமே தரப்படவில்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சாப்பெக் காலமானார். அடுத்த மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகுக்குள் நுழைந்தபோது, அவர் இறந்ததை அறியாத நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ அவரைக் கைது செய்ய வீட்டுக்கே வந்தது. இந்த வரலாற்றை அறிந்தபின் நாவலை வேறு விதமாக வாசிப்பது எளிதன்று.

வாசிக்காத நண்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமத்திராவுக்கு மேற்கே உள்ள தானா மாசா என்னும் தீவில், உள்ளூர் மக்கள் அண்ட அஞ்சும் ஒரு விரிகுடாவில், நிமிர்ந்து நடக்கவும் கருவிகளைக் கையாளவும் கற்கக்கூடிய பெரிய சாலமாண்டர்களை (நீரிலும் நிலத்திலும் வாழும், பல்லி போன்ற உருவமுள்ள பிராணிகளை) கேப்டன் வான் டோக் கண்டுபிடிக்கிறார். முத்துச் சிப்பிகளைத் திறக்கவும் சுறாக்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளவும் அவற்றுக்குக் கத்தி கொடுக்கிறார். அவை முத்துகளைக் கொடுக்கின்றன. முத்து வணிகம் நலிந்தபோது, இந்தப் பிராணிகளையே கடலடிக் கட்டுமானத் தொழிலாளர்களாக உலகெங்கும் விற்க ஒரு பெரும் நிறுவனம் உருவாகிறது. அவை பேசக் கற்கின்றன, பெருகுகின்றன, ஆயுதம் பெறுகின்றன. கடைசியில் தாங்கள் வாழ்வதற்கு ஆழமற்ற கடற்கரை போதவில்லை என்று சொல்லி, கண்டங்களை வெடிவைத்துத் தகர்த்துக் கடலாக்கத் தொடங்குகின்றன.

இரண்டாம் வாசிப்பில் என்னைத் தொல்லைப்படுத்துவது இதுதான். நாவலின் முதல் இரண்டு பாகங்களில் சாலமாண்டர் ஒடுக்கப்பட்ட உயிர். அது பிடிக்கப்படுகிறது, விற்கப்படுகிறது, ஆய்வுக்கூடங்களில் வதைக்கப்படுகிறது, அமெரிக்கத் தென்மாநிலங்களில் கும்பல்களால் எரிக்கப்படுகிறது. மூன்றாம் பாகத்தில் அதே உயிர், நாஜிகளைப் போலவே ‘வாழ்விடம்’ கோரிப் பிற நாடுகளை விழுங்கும் ஆக்கிரமிப்பாளனாகிவிடுகிறது. அடிமையின் உருவத்தையே நாஜிக்கும் அணிவித்தால், அங்கதம் உண்மையில் யாரைக் குத்துகிறது? இது ஆசிரியரின் தடுமாற்றமா, அல்லது நான் பார்க்கத் தவறிய ஒழுங்கு ஏதேனும் இதில் இருக்கிறதா? மீண்டும் வாசித்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஏட்டுப்பிரதி எழுதியது:

நல்ல கேள்வி. சாலமாண்டர் ஒரே தரப்பின் குறியீடாக இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்தால் இந்த நாவல் நிச்சயமாகத் தடுமாறுகிறது. என் வாசிப்பில் சாலமாண்டர் எவருக்கும் பதிலாக நிற்கவில்லை. அது வேலைக்கு உதவும், விரைவாகப் பெருகும், சொன்னதைக் கற்கும், அவ்வளவுதான். அத்தகைய ஒன்று கையில் கிடைத்தால் வணிகர், அரசியல்வாதி, பத்திரிகையாளர், பேராசிரியர், படைத்தளபதி ஆகிய ஒவ்வொருவரும் என்ன செய்வார்கள் என்பதைத்தான் சாப்பெக் வரிசையாகக் காட்டுகிறார். இது வருங்காலக் கற்பனை அன்று, நிகழ்காலத்தைப் பற்றியது என்று அவரே நாவலைக் குறித்து விளக்கியிருக்கிறார்.

இதற்குச் சான்றாக ஒரே ஓர் அத்தியாயத்தைச் சொல்வேன். கேப்டன் இறந்த பிறகு நடக்கும் பங்குதாரர் கூட்டம் முழுவதும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் வடிவத்தில், கைதட்டல்களும் ஆரவாரங்களும் இடையிடையே பதிவுசெய்யப்பட்டு எழுதப்பட்டிருக்கிறது. கேப்டனின் முத்து வணிகத்துக்கு முதல் போட்ட தொழிலதிபரும் நிறுவனத் தலைவருமான ஜி. எச். பாண்டி மறைந்த கேப்டனுக்கு நெகிழ்ச்சியோடு புகழுரை வழங்குகிறார். எல்லோரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள். பின்னர் அதே குரலில், கேப்டனின் முறை சாகசக் காலத்துக்கு உரியது, அழகானது, ஆனால் முத்து விலை விழுந்துவிட்டதால் இனி அது உதவாது என்று விளக்கி, சாலமாண்டர்களைப் பெருவாரியாக விற்கும் திட்டத்தை முன்வைக்கிறார். அதற்கும் கைதட்டல் கிடைக்கிறது. இத்தனைக்கும் பாண்டி கொடியவர் அல்லர். களைத்துப்போன, பண்பான, நண்பனின் மறைவுக்கு உண்மையிலேயே வருந்தும் மனிதர். அவர் ஒரு கொடியவராக இருந்திருந்தால் அந்த அத்தியாயத்தில் அச்சப்பட எதுவும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு வரும் சந்தை நிலவரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். மேற்பார்வைக்குப் பழக்கப்பட்டவை, பளுவான வேலைக்குரியவை, குழு வேலைக்குரியவை, சில்லறை வேலைக்குரியவை, கழிவு, குஞ்சு என்று சாலமாண்டர்கள் தரம்பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அன்றன்றைய விலை போடப்படுகிறது. பருத்திக்கும் ரப்பருக்கும் செய்தித்தாளில் எப்படி விலை போடுவார்களோ அதே நடையில், ஒரு வசைச் சொல்லும் இல்லாமல் இது எழுதப்பட்டிருக்கிறது. ‘கழிவு’ என்ற தரத்தில் விற்கப்படும் உயிர்களுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அதே நிதானத்தோடு சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். வேறோர் அடிக்குறிப்பில், ஆய்வுக்கூட உதவியாளனாகப் பழக்கப்பட்டிருந்த அறிவுள்ள சாலமாண்டர் ஒன்றை அறிவியலாளர்களே சமைத்து உண்டு பார்த்த செய்தி அறிக்கை மொழியில் வருகிறது. இந்த இரு இடங்களையும் கடந்துவந்த வாசகர், மூன்றாம் பாகத்தில் சாலமாண்டர்கள் மனிதர்களிடம் பேசும் தொனியைக் கேட்கும்போது அது எங்கே கற்ற பாடம் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார். நீங்கள் விலக்கி வைத்துப் பார்க்கும் இரண்டு பாதிகளையும் இணைக்கும் கண்ணி அதுவே.

லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் ஆண்ட்ரூ என்ற சாலமாண்டரை நிபுணர் குழு ஆராயும் பகுதியும் இதையே சொல்கிறது. அது செய்தித்தாள் படிக்கிறது. படித்த கருத்துகளையே தன் கருத்துகளாக ஒப்பிக்கிறது. அதன் அறிவு நம் காலத்துச் சராசரி மனிதனின் அறிவை எவ்வகையிலும் விஞ்சவில்லை, ஆகவே அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று குழு முடிவு எழுதுகிறது. குழுவில் எவருக்கும் அந்த வாக்கியம் உறுத்துவதில்லை.

மேட்டுத்தெரு வாசகி எழுதியது:

ஏட்டுப்பிரதி அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அது நாவலைச் சற்று அதிகமாகவே காப்பாற்றுகிறது என்று கருதுகிறேன். கேள்வி கேட்டவர் சுட்டிய விரிசல் உண்மையானது. எல்லோரையும் குத்தும் அங்கதத்துக்கு ஒரு விலை உண்டு: தடியை வைத்திருப்பவனும் அடிபடுபவனும் அதில் ஒரே கேலிக்கு உள்ளாகிறார்கள்.

அமெரிக்கப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். வெள்ளையினப் பெண்களைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சாலமாண்டர்கள் எரிக்கப்படுகின்றன. அதற்கு எதிராக எழும் இயக்கத்தில் சேர்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பின மக்கள். அன்றைய அமெரிக்காவில் உண்மையாகவே நடந்துகொண்டிருந்த கொலைகளை ஓர் ஐரோப்பிய எழுத்தாளர் இவ்வளவு நேராகப் பார்த்து எழுதியது பெரிய செயல்தான். ஆயினும் ஒரு பத்தி முடிவதற்குள் கதை வேறொரு நாட்டின் வேறொரு வேடிக்கைக்குத் தாவிவிடுகிறது. அந்தக் கொடுமையின் எடையும், சாலமாண்டர்களுக்கு ஆன்மா உண்டா என்று புகழ்பெற்றவர்களிடம் கருத்துக் கேட்கும் பத்திரிகைக் கூத்தின் எடையும் பக்கத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பத்திரிகைகள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன என்று பதில் சொல்லலாம்; ஆனால் அந்தப் பதிலைக் கொண்டு எந்தச் சறுக்கலையும் நியாயப்படுத்திவிட முடியும்.

பெண் பாத்திரங்கள் இன்னும் மெலிந்தவர்கள். உல்லாசப் படகில் வரும் திரைப்பட நடிகை எதைக் கண்டாலும் தன் அடுத்த படத்தையே நினைக்கும் பொம்மை. சாலமாண்டர்களுக்குப் பள்ளி தொடங்கும் பிரெஞ்சு ஆசிரியை ஒரு கேலிச்சித்திரம். பாண்டியின் யூதப் பின்னணியைக் கேப்டன் குறிப்பிடும் இடங்களை 1945க்குப் பிறகு வாசிக்கும் எவருக்கும் மனம் சற்று நெருடவே செய்யும். பாண்டியைப் பண்புள்ளவராகவே சாப்பெக் படைத்திருக்கிறார் என்பதில் எனக்கும் ஐயமில்லை. சாப்பெக் நாஜிகளை எதிர்த்தவர். அவருடைய அண்ணன் யோசெஃப் 1945இல் பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமிலேயே மாண்டார். அதையெல்லாம் மதித்துக்கொண்டே, உலகின் பெருவணிகத்துக்கு முகம் வேண்டியபோது அவர் கை தானாக எந்த முகத்தை எடுத்தது என்பதையும் கவனிக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம், கலாபகஸ் தீவுகளில் ஒரு செக் தம்பதி சந்திக்கும் சாலமாண்டர். அது தன்னந்தனியாகச் செக் மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றிருக்கிறது. செக் வரலாற்றின் மீது பெருங்காதல் கொண்டிருக்கிறது. குறிப்பாக, செக் மக்கள் ஹாப்ஸ்பர்க் அரசிடம் தோற்ற 1620இன் வெள்ளை மலைப் போருக்குப் பிந்திய முந்நூறு ஆண்டு அடிமைக் காலம் குறித்து விசாரிக்கிறது. அந்த முந்நூறு ஆண்டுகளுக்காக நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று அது பணிவோடு சொல்லும் இடத்தில், தன் மக்களின் தியாகப் பெருமிதத்தையே ஆசிரியர் நகைப்புக்கு உள்ளாக்குகிறார். தன் வீட்டை நோக்கி எறிந்த இந்த ஒரு கல், மற்ற நாடுகளை நோக்கி எறிந்த பத்துக் கற்களை விடக் குறி தப்பாமல் விழுகிறது.

கிள்ளான் ஆற்றோரம் எழுதியது:

உங்கள் உரையாடலில் விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாவல் தொடங்கும் கடற்பகுதி வெறும் கற்பனைத் தீவுக்கூட்டம் அன்று. அது அன்றைய டச்சு கிழக்கிந்தியா. சுமத்திராவின் கிழக்குக் கரையில், டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே சீனர்களும் சாவகர்களும் தமிழர்களும் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். மேடான் நகரில் இன்றும் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஒப்பந்தத்தை மீறிய கூலிக்குத் தண்டனை விதிக்கத் தனிச் சட்டமே இருந்தது. முதல் அத்தியாயத்தில் பேய்க்கு அஞ்சும் விரிகுடாவில் கேப்டன் முதலில் நீருக்குள் இறக்குவது சிங்களவரான முத்துக்குளிப்பாளர்களை. சாலமாண்டர் வேலைக்கு வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பது அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

ஆகவே தரவாரியான விலைப்பட்டியலைப் படிக்கும்போது, மலாயாவின் தோட்டத்துத் தலைமுறையில் வந்த எனக்கு அது அங்கதமாகவே படவில்லை. சாப்பெக் தமிழ்க் கூலிகளை மனத்தில் வைத்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆள் எண்ணிக்கையை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் ஓர் உலகம் அவர் கண்முன் இயங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்து எழுதினார். அதனால் வாசகி அவர்கள் சொல்வது போல நாவல் வேடிக்கைக்குத் தாவிவிடுகிறது என்ற குறை, இந்தப் பகுதிக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

நெய்தல் வாசகர் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சாலமாண்டர் மனிதரிடம் கற்ற தொனி என்ற விளக்கம் என் கேள்வியின் பெரும் பகுதிக்கு விடை தருகிறது. நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் நிலம் உள்வாங்கிய பிறகு வானொலியில் அவை மனிதருக்கு விடுக்கும் அறிவிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் சினமோ பழிவாங்கும் வெறியோ கிடையாது. எங்களை நீங்கள்தான் விரும்பினீர்கள், உலகெங்கும் பரப்பினீர்கள், இனி எங்களுக்கு இடம் வேண்டும், எஃகும் வெடிமருந்தும் தொடர்ந்து விற்றுக்கொண்டிருங்கள், உங்களோடு நல்லுறவையே விரும்புகிறோம் என்ற பொருளில் அமைந்த வணிகக் கடிதம் அது. பங்குதாரர் கூட்டத்தில் பாண்டி பேசிய பேச்சின் மறுமொழியாகவே அதை வாசிக்க முடிகிறது. அதைவிடக் கசப்பானது, போர் தொடங்கிய பின்னும் தொழிற்சாலைகள் சாலமாண்டர்களுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்தாதது. அந்தக் கொள்முதல் நின்றால் வேலையிழப்பு வரும், பங்கு விலை சரியும் என்பதால் எந்த அரசும் முதலில் நிறுத்தத் துணிவதில்லை.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் தன் உட்குரலோடு பேசும்போது, சாலமாண்டர்களின் தலைவன் உண்மையில் ஒரு மனிதன் என்றும், அவன் முதல் உலகப் போரில் எங்கோ படைப்பிரிவு ஒன்றில் சார்ஜன்ட் மேஜராக இருந்தவன் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். இது ஹிட்லரைச் சுட்டுவதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். சாலமாண்டர்கள் தாமாகவே மனிதரைப் போல ஆகிவிட்டன என்ற வாதம் வலுவாக நின்றுகொண்டிருக்கும்போது, ஒரு மனிதனைத் தலைமையில் உட்கார வைத்தது அந்த வாதத்தைத் தளர்த்திவிடவில்லையா?

ஏட்டுப்பிரதி எழுதியது:

தளர்த்துகிறது, அதை மறுக்க மாட்டேன். 1935இன் இறுதியிலும் 1936இன் தொடக்கத்திலும் ‘லிதோவே நோவினி’ நாளிதழில் இது தொடராக வெளிவந்தபோது, அதன் பக்கத்திலேயே ஜெர்மனியைப் பற்றிய செய்திகளும் அச்சாகிக்கொண்டிருந்தன. பால்டிக் கடலின் சாலமாண்டர் மற்றவற்றை விட வெளிர்நிறமானது, நிமிர்ந்து நடப்பது, ஆகவே உயர்ந்த இனம் என்று ஜெர்மானிய அறிஞர்கள் நிறுவும் பகுதியை அன்றைய வாசகர் படித்த நாள்கள், யூதர்களின் உரிமைகளைப் பறித்த நியூரம்பர்க் இனச் சட்டங்கள் ஜெர்மனியில் வந்த பருவத்துக்கு மிக அருகில் உள்ளவை. அந்த அழுத்தத்தில் எழுதியவர் கடைசியில் பெயர் சொல்லாமல் ஒருவனைச் சுட்டிவிட்டார். கலைக்கணக்கில் அது இழப்பே.

ஆனால் அதே அத்தியாயத்தில் உட்குரல், மனித இனத்தை எப்படியாவது காப்பாற்று என்று மன்றாடும்போது ஆசிரியர் தரும் விடையைக் கவனியுங்கள். தலைவன் ஒருவனை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. எல்லா நாடுகளும் எல்லாத் தொழிற்சாலைகளும் இதில் பங்கெடுத்தன, ஒவ்வொருவருக்கும் நியாயமான பொருளாதாரக் காரணம் இருந்தது என்கிறார். பிறகு வரும் ‘மீட்பு’ அதனினும் கொடிது: கிழக்குச் சாலமாண்டர்களும் மேற்குச் சாலமாண்டர்களும் தங்கள் பெருமைக்காக ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, மலைகளில் எஞ்சிய மனிதர்கள் மெல்ல இறங்கி வருகிறார்கள். தேசியவெறியையும் அவை நம்மிடமே கற்றுக்கொண்டன என்பதால்தான் நாம் பிழைக்கிறோம்.

மேட்டுத்தெரு வாசகி எழுதியது:

அந்த அத்தியாயத்துக்கு முந்தியதையும் விட்டுவிடக் கூடாது. பாண்டியின் வீட்டு வாயிற்காவலரான போவோந்திரா, பாண்டியின் உதவி கேட்டு வந்த கேப்டனை முதன்முதலில் உள்ளே விட்டவர். அந்தப் பெருமையில் சாலமாண்டர் செய்திகளையெல்லாம் வாழ்நாள் முழுதும் கத்தரித்துச் சேர்க்கிறார். இரண்டாம் பாகத்தின் வரலாறு முழுவதும் அவருடைய பெட்டியிலிருந்து வருகிறது. பல துணுக்குகளில் தேதியோ இதழின் பெயரோ குறிக்க மறந்துவிடுகிறார். பெட்டி நிரம்பும்போது மனைவி அதில் ஒரு பகுதியை எரித்துவிடுகிறார். ஓர் உலகப் பேரழிவின் ஆவணக் காப்பகம் ஒரு வீட்டம்மாவின் சுத்தம் செய்யும் பழக்கத்தை நம்பி நிற்கிறது என்பது இந்த நாவலின் மிக நுட்பமான நகைச்சுவை என்பேன். (பெண் பாத்திரங்கள் மெலிந்தவர்கள் என்று நான் சொன்னதற்கு இவர் ஓரளவு விதிவிலக்கு.)

கிழவரான போவோந்திரா மகனோடு பிராகில் வல்டாவா ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கடலே இல்லாத அந்த நாட்டின் ஆற்றில் ஒரு கறுத்த தலை எழுகிறது. அன்று நான் அந்தக் கேப்டனை உள்ளே விடாமல் இருந்திருந்தால் என்று அவர் தன்னையே நொந்துகொள்கிறார். நாவலில் இத்தனை அமைச்சர்களும் முதலாளிகளும் அறிஞர்களும் இருந்தும், பழியை ஏற்றுக்கொள்பவர் கதவைத் திறந்த அந்த ஒருவர் மட்டுமே. நெய்தல் வாசகர் கேட்ட ‘அங்கதம் யாரைக் குத்துகிறது’ என்ற கேள்விக்கு நாவல் தரும் விடை, சார்ஜன்ட் மேஜரைக் காட்டிலும் இந்த இடத்தில்தான் தெளிவாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கிள்ளான் ஆற்றோரம் எழுதியது:

புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வெதரல் இணையரின் 1937ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் ஓசர்ஸின் 1985ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் அச்சுப் பிரதியாக எடுங்கள். இரண்டாம் பாகத்தில் அடிக்குறிப்புகள் பல பக்கங்களுக்கு நீண்டு, வெவ்வேறு எழுத்துருக்களில், மூலக் கட்டுரையை மேலே தள்ளிக்கொண்டு வரும். மின்னூலில் அவை அத்தியாயத்தின் முடிவுக்கு நகர்ந்துவிட்டால் வரலாறு தனியாகவும் துணுக்குகள் தனியாகவும் பிரிந்துபோய், போவோந்திராவின் பெட்டியைக் கிளறும் உணர்வே இல்லாமல் போய்விடும்.